1966 பேட்மேன்: எந்தப் பெட்டியை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ஆடம் வெஸ்ட் பேட்மேனாக வந்த அந்தப் பழைய தொலைக்காட்சித் தொடரை முழுசாகக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்க 2014 நவம்பர் வரை வழியே கிடையாது. கடைசி எபிசோடு ஒளிபரப்பானது 1968 மார்ச்சில். நடுவே வீடியோ கேசட் வந்து போனது, டிவிடி வந்து ஓய்ந்தது, ஒன்றிரண்டு சீசன் மட்டும் ஓடிய உப்புச்சப்பில்லாத தொடர்கள்கூடப் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தன. இது மட்டும் வரவில்லை. தொடரை எடுத்தது ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸ். பேட்மேன் என்ற பாத்திரம் டிசி காமிக்ஸுக்குச் சொந்தம், டிசி இருப்பதோ வார்னர் கையில். படச்சுருள் ஒருவரிடம், பாத்திரம் இன்னொருவரிடம். இரண்டு பேரும் ஒத்துவராமல் யாரும் விற்க முடியாது. 2014 ஜனவரியில் அமெரிக்க நகைச்சுவைத் தொகுப்பாளர் கோனன் ஓ'ப்ரையன் ஒரு ட்வீட்டில் செய்தியைப் போட்டு உடைத்தார். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று வார்னர் 120 எபிசோடுகளையும் வெளியிட்டது.

இப்போது சிக்கல் தலைகீழ். வழிகள் கூடிவிட்டன. பொம்மைக் கார் வைத்த ப்ளூ-ரே பெட்டி, அலங்காரம் இல்லாத ப்ளூ-ரே, 18 வட்டுள்ள டிவிடி, சீசன் சீசனாக டிவிடி, டிஜிட்டல் பதிப்பு. இவை தவிர 1966-இல் திரையரங்குக்கு வந்த பேட்மேன் படம் தனி வட்டாக. சிறுவயதில் எங்கோ துண்டு துண்டாகப் பார்த்தவர், யூடியூபில் ‘பௌ!’ ‘பாம்!’ வெட்டுத்துண்டுகளைப் பார்த்துச் சிரித்தவர், கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படங்களைப் பார்த்துவிட்டு இது என்ன கூத்து என்று ஆவலானவர், எல்லோருக்கும் ஒரே பெட்டி சரிப்படாது. ஆனால் எனக்கு ஒரு கட்சி உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் சீசனையும் அந்தத் திரைப்படத்தையும் நல்ல தரத்தில் பார்த்தவர் இந்தத் தொடரின் முக்கால் பங்கு ரசத்தைப் பார்த்துவிட்டார். மிச்சம் பிரியர்களுக்கு.

முதலில் அந்தத் திரைப்படம். வீட்டு வீடியோ கதையில் இது தனிக்கிளை. படம் முழுக்க ஃபாக்ஸின் சொத்தாக இருந்ததால் உரிமைத் தகராறில் சிக்காமல் 2001-லேயே டிவிடியாக வந்தது, 2008-இல் ப்ளூ-ரேயாகவும் வந்தது. 2014-இல் வந்த ‘முழுத் தொடர்’ பெட்டியில் இது கிடையாது. முழுசு என்று அட்டையில் போட்டிருக்கிறதே என்று நம்பி வாங்கி, வட்டு வட்டாகத் தேடிப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். சுறாமீன் விரட்டும் ஸ்ப்ரே இதில்தான் முதலில் வருகிறது. வெடிக்கப்போகும் குண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு துறைமுகம் முழுக்க ஓடும் காட்சியும் இதில்தான். போகிற பக்கமெல்லாம் ஆள் நிற்கிறார்கள்: கன்னிகாஸ்திரிகள், பேண்டு வாத்தியக்காரர்கள், குழந்தை வண்டி தள்ளும் தாய், படகில் காதலர்கள், கடைசியில் வாத்துக்குஞ்சுகள். எங்கே வீசுவது என்று தெரியாமல் பேட்மேன் திணறுவதை ஆடம் வெஸ்ட் ஒரு துளிகூடச் சிரிக்காமல் நடித்திருக்கிறார். இந்தத் தொடர் உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதிக்க அந்த ஒரு காட்சி போதும். அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர் 120 எபிசோடுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

படம் முதல் சீசனுக்கும் இரண்டாவது சீசனுக்கும் நடுவே எடுத்தது. சினிமா பட்ஜெட் என்பதால் பேட் படகு, பேட் ஹெலிகாப்டர் எல்லாம் இதற்காகவே தயார் செய்தார்கள். அந்தக் காட்சிகளை வெட்டி வைத்துக்கொண்டு பிறகு தொடரில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். படகைச் செய்து கொடுத்த கிளாஸ்ட்ரான் நிறுவனம் டெக்சஸின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்தது. படத்தின் முதல் திரையிடல் ஹாலிவுட்டில் நடக்காமல் ஆஸ்டினில் 1966 ஜூலை 30 அன்று நடந்ததற்கு அந்தப் படகுதான் காரணம். ஜோக்கர், பெங்குவின், ரிட்லர், கேட்வுமன் என்ற நாலு வில்லன்களும் ஒரே கூட்டணியில் சேருவது இதில் மட்டுமே. ஒரு குறை: தொடரில் கேட்வுமனாக வந்த ஜூலி நியூமர் இல்லை, அந்த வேடத்தில் லீ மெரிவெதர் வருகிறார். அவரும் சோடை போகவில்லை.

தொடருக்கு வருவோம். ப்ளூ-ரேயா டிவிடியா என்ற கேள்விக்குப் பதில் தொடர் எடுக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. வீடியோ நாடாவில் எடுத்த பழைய தொடர்களை எவ்வளவு துடைத்தாலும் ஓரளவுக்கு மேல் தெளியாது. பேட்மேன் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தது. 1966-இல் வீட்டுத் தொலைக்காட்சியில் தெரிந்ததைவிடப் பல மடங்கு விவரம் அந்தச் சுருளில் அப்போதே பதிந்திருந்தது, பார்க்கத்தான் யாருக்கும் வழியில்லை. மறு ஒளிபரப்புகளில் தேய்ந்த பிரதிகளைத்தான் ஓட்டினார்கள், அதிலும் விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று நறுக்கி. அந்த மங்கலான பேட்மேன்தான் பலரின் நினைவில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் முதல் எபிசோடைப் போட்டவுடன் கண்ணில் அடிப்பது நிறம். பேட்மேனின் இளம் கூட்டாளி ராபினின் சிவப்பு-பச்சை-மஞ்சள், ரிட்லரின் பச்சை இறுக்க உடை, ஜோக்கரின் பச்சைத் தலைமுடியும் ஊதா கோட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி முழுமையாகக் கலருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. 1966 இலையுதிர்காலம் முதல்தான் அங்கே மூன்று பெரிய அலைவரிசைகளிலும் மாலை நேர நிகழ்ச்சிகள் அத்தனையும் கலர். புதிதாகக் கலர் டிவி வாங்கியவர் அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டத் தோதான தொடராக இதை எடுத்திருக்கிறார்கள். காமிக்ஸ் பக்கத்தின் மையை அப்படியே ஆள்மேல் பூசியதுபோன்ற அந்த நிறம்தான் கேலியின் பாதி. அது வெளிறிப்போனால் மிஞ்சுவது இறுக்க உடை போட்ட இரண்டு ஆட்கள்.

தெளிவு கூடினால் செட்டின் பொய் தெரிந்துவிடுமே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தெரியத்தான் செய்கிறது. சண்டைக் காட்சியில் பேட்மேன் திரும்பும்போது அது ஆடம் வெஸ்ட் இல்லை, வேறொரு ஆள் என்று முகமே பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. சீசர் ரோமெரோ ஜோக்கர் வேடத்துக்காகத் தன் மீசையை எடுக்க மறுத்துவிட்டார்; அதன்மேலேயே வெள்ளை அரிதாரத்தை அப்பினார்கள். டிவிடியில் சந்தேகமாகத் தெரியும் அந்த மீசை ப்ளூ-ரேயில் மயிர் மயிராகத் தெரிகிறது. சுவரில் கயிறு பிடித்து ஏறும் காட்சியைக் கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து எடுத்தார்கள். இருவரும் உண்மையில் தரையில் குனிந்தபடி நடக்கிறார்கள், தோள் அங்கி கீழே தொங்குவதுபோல் காட்ட அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறார்கள். இதெல்லாம் துல்லியமாகத் தெரிவது எனக்கு இழப்பாகப் படவில்லை. ஏமாற்றுவது இந்தத் தொடரின் நோக்கமே அல்ல. சிறுவர்கள் நிஜமான சாகசம் என்று வாயைப் பிளந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்த அப்பா அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் திட்டமிட்டே செய்தார். பரபரப்புக் குரலில் கதை சொல்லிக்கொண்டே வரும் அறிவிப்பாளரும் அவர்தான், பெயர் போட்டுக்கொள்ளாமல்.

பேட்மேனின் ரகசிய இடமான பேட் குகையில் ஒவ்வொரு கருவிமேலும் அது என்ன என்று எழுதி ஒட்டியிருக்கும். கணினிக்குப் பெயர்ப்பலகை, அணு உலைக்குப் பெயர்ப்பலகை, ஒளிந்திருக்கும் சுவிட்சுக்குப் பெயர்ப்பலகை. குகைக்குள் வரப்போவதோ மூன்றே பேர்: பேட்மேன், ராபின், சமையல் வேலையோடு இதையும் துடைத்து வைக்கும் ஆல்ஃபிரட். யாருக்காக இந்த எழுத்து? டிவிடியில் இவற்றில் பாதியைப் படிக்க முடியாது. ப்ளூ-ரேயில் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம், நான் படித்தேன், பல எபிசோடுகளில் வசனத்தைவிட அதுதான் கூடுதலாகச் சிரிக்க வைத்தது. வில்லன்களின் மறைவிடம் என்றால் கேமரா சாய்ந்தே நிற்கும்; அவர்கள் கோணல் புத்திக்காரர்கள் அல்லவா! அந்தச் சாய்வும் பெரிய திரையில் தெளிவாகப் பார்த்தால்தான் உறைக்கிறது.

ஆகவே பார்க்கும் தரம் முக்கியம் என்பவருக்கு ப்ளூ-ரே. எந்த ப்ளூ-ரே என்பதில் யோசிக்க வேண்டியது கொஞ்சம்தான். 2014-இன் முதல் பெட்டி 270 டாலர் விலை போட்டு வந்தது. 13 வட்டு, அவற்றோடு ஹாட் வீல்ஸ் பேட்மொபைல் பொம்மை, ஆடம் வெஸ்டின் படத்தொகுப்புப் புத்தகம், 1960-களின் பாணியில் ஒரு கட்டு சேகரிப்பு அட்டைகள். பொம்மைக்கும் அட்டைக்கும் ஆசைப்படும் சேகரிப்பாளர் தவிர மற்றவருக்கு இது வீண் செலவு. (அந்தக் கார்மேல் எனக்கும் ஒரு கண் உண்டு. அசலானதை ஜார்ஜ் பாரிஸ், 1955-இல் லிங்கன் நிறுவனம் செய்த ஃபியூச்சரா என்ற மாதிரிக் காரை வாங்கி மாற்றி அமைத்தார். 2013 ஜனவரியில் அது ஏலத்தில் 42 லட்சம் டாலருக்குப் போனது. உள்ளங்கை அளவுப் பொம்மை அதற்கு ஆறுதலாகாது.) அலங்காரம் இல்லாத பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள், வட்டில் ஓடுவது அதே தொடர்தான். முதலில் அச்சான வட்டுகளில் சில எபிசோடுகளின் கடைசியில் வரும் ‘அடுத்த முறை’ முன்னறிவிப்பு போன்ற சிறு துண்டுகள் விடுபட்டிருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். கதைக்கு ஒன்றும் கெடவில்லை. ஆனால் அறிவிப்பாளரின் அந்தக் கூச்சலுக்காகவே பார்ப்பவர், பழைய பெட்டி வாங்கும்போது விற்பவரிடம் எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டு வாங்கலாம்.

18 வட்டு டிவிடிப் பெட்டி வெளிவந்தபோது 200 டாலர். ப்ளூ-ரேக்கும் அதற்கும் 70 டாலர்தான் வித்தியாசம் என்னும்போது முழுத் தொடரையும் டிவிடியில் வாங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. வீட்டில் டிவிடி பிளேயர் மட்டும்தான் இருக்கிறது, டிவியும் சின்னது என்றால் முழுப் பெட்டியை விட்டுவிட்டு முதல் சீசன் டிவிடியை மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். தொடரின் சட்டகம் பழைய டிவிகளின் 4:3 வடிவம் என்பதால் அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரி. அதைச் சகிக்காமல் படத்தை இழுத்து அகலமாக்கிப் பார்க்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பெங்குவின் ஏற்கெனவே குண்டு.

முதல் சீசனை மட்டும் வாங்கச் சொல்வது ஏன்? அந்த 34 எபிசோடுகளில் எழுத்தும் நடிப்பும் கூராக இருக்கின்றன. வாரம் இரண்டு நாள், புதனும் வியாழனும் ஒளிபரப்பு. புதன்கிழமை எபிசோடு நாயகர்களைச் சாவின் வாயில் தொங்கவிட்டு முடியும், மறுநாள் அதே நேரத்துக்கு அதே அலைவரிசைக்கு வாருங்கள் என்று அறிவிப்பாளர் கத்துவார். தொடக்க எபிசோடான ‘ஹாய் டிடில் ரிடில்’ 1966 ஜனவரி 12-இல் வந்தது. அதில் பேட்மேன் துப்பறிய ஒரு நடன விடுதிக்குப் போகிறார். ராபினுக்கு வயது போதாது என்பதால் அவனைக் காரிலேயே உட்கார வைத்துவிடுகிறார், சட்டம் சட்டம்தான். முகமூடி, கொம்புக் காது, நீல அங்கியோடு உள்ளே நுழைபவருக்கு விடுதிக்காரர் முன்வரிசை மேசை தர வருகிறார். வேண்டாம், யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும் என்று ஒதுங்கி நிற்கிறார் பேட்மேன். குடிக்க ஆரஞ்சுச் சாறு கேட்கிறார். அதில் மயக்க மருந்து. பிறகு வருவதுதான் இரண்டு விரல்களைக் கண்ணுக்குக் குறுக்கே இழுக்கும் அந்தப் புகழ்பெற்ற ஆட்டம். ரிட்லராக ஃபிராங்க் கோர்ஷின் ஒரு நொடி கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்கிறார், மறுநொடி முகம் இறுகிக் கொலைகாரனாகிறார். இந்த எபிசோடுக்காக அவருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்குப் பரிந்துரை கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான்.

அடுத்த பெங்குவின் கதை இன்னும் தந்திரமானது. சிறையிலிருந்து வெளிவந்த பெங்குவினுக்கு என்ன குற்றம் செய்வதென்றே தோன்றவில்லை. ஊரெல்லாம் குடைகளை இறைத்துவிட்டுச் சும்மா இருக்கிறான். பேட்மேன் அதில் பெரிய சதி இருப்பதாக நினைத்து ஒரு குடையைக் குகைக்குக் கொண்டுபோய் ஆராய்கிறார். குடைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி. பெங்குவின் இன்னதைத்தான் செய்யப்போகிறான் என்று பேட்மேன் யூகிக்க யூகிக்க, மறுமுனையில் பெங்குவின் அதைக் குறித்துக்கொண்டு அப்படியே செய்கிறான். திட்டம் போட்டுக் கொடுத்ததே நாயகன்! லொரென்சோ செம்ப்பிள் ஜூனியர் எழுதிய அந்தக் கதையை நிகழ்காலத் துப்பறியும் தொடர்களில் யாராவது நேராகவே எடுக்கலாம்.

இரண்டாவது சீசன் 60 எபிசோடு. ஒரே வருஷத்தில் அவ்வளவு எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. முதல் சீசனில் சண்டைக் காட்சியின் மேலேயே ‘பௌ!’ எழுத்து வந்து விழும். இப்போது செலவை மிச்சம் பிடிக்கக் காட்சியை வெட்டிவிட்டு வண்ண அட்டையில் எழுத்தை மட்டும் காட்டினார்கள். கோர்ஷின் இல்லாததால் ஒரு கதையில் ஜான் ஆஸ்டின் ரிட்லராக வருகிறார், நல்ல நடிகர், ஆனாலும் ஒட்டவில்லை. முழுப் பெட்டி வைத்திருப்பவருக்குக்கூட இந்த 60-ஐயும் வரிசையாகப் பார்க்கச் சொல்லமாட்டேன். பெங்குவின் மேயர் தேர்தலுக்கு நிற்கும் கதையைப் பாருங்கள். பேண்டு, ஆட்டம், கொண்டாட்டம் என்று அவன் பிரசாரம் தூள் கிளப்ப, எதிர்த்து நிற்கும் பேட்மேன் மேடையில் பிரச்சினைகளைப் பற்றிப் பொறுப்பாகப் பேசி ஆளே சேராமல் நிற்கிறார். நம் ஊரில் ஒரு தேர்தலைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். புரூஸ் லீ கேட்டோவாக வரும் இரண்டு எபிசோடும் இந்த சீசனில்தான், 1967 மார்ச். ‘கிரீன் ஹார்னெட்’ டோசியரின் இன்னொரு தொடர், அதன் நாயகர்களை இங்கே விருந்தாளியாகக் கொண்டுவந்தார்கள். ராபினோடு கேட்டோ மோதும் சண்டை யாருக்கும் வெற்றியில்லாமல் முடிகிறது. புரூஸ் லீயைப் பற்றி இன்று தெரிந்த எவரும் அதை நம்பமாட்டார்கள்.

மூன்றாவது சீசனில் வாரம் ஒரு எபிசோடாகக் குறைந்தது, பணமும் குறைந்தது. பல காட்சிகளில் சுவர்களே இல்லை, கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு கதவும் ஒரு நாற்காலியும். ப்ளூ-ரேயின் தெளிவு இந்த ஏழ்மையை இன்னும் எடுத்துக்காட்டுகிறது. ஆனாலும் இரண்டு பேர் காப்பாற்றுகிறார்கள். ஒருவர் இவான் கிரெய்க்: போலீஸ் கமிஷனரின் மகள், பகலில் நூலகர், இரவில் ஊதா உடையில் பேட்கேர்ள். இன்னொருவர் கேட்வுமனாக வந்த எர்த்தா கிட். 1967 அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் முக்கிய வில்லியாக, அதுவும் எவருக்கும் அடங்காதவளாக வருவது சாதாரண விஷயமில்லை. அவர் பேசும்போது வார்த்தைக்குள்ளேயே பூனை உறுமும்.

டிஜிட்டல் வழி யாருக்கு? தேர்ந்தெடுத்த எபிசோடுகளை மட்டும் பார்ப்பேன், அலமாரியில் இடமில்லை என்பவருக்கு. முதல் சீசனை மட்டும் டிஜிட்டலில் வாங்குவதே எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் ஸ்ட்ரீமிங் சேவையை நம்பி இருந்துவிடாதீர்கள். உரிமை இரண்டு நிறுவனங்களுக்கிடையே பிரிந்து கிடந்த தொடர் இது, இன்று ஒரு சேவையில் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது, நாடு மாறினால் அதுவும் மாறும். வட்டில் கிடைக்கும் கூடுதல் ஆவணப்படங்களும் டிஜிட்டலில் கைக்கு வருவது உறுதியில்லை. அவற்றில் ஒன்றைத் தவறவிடக் கூடாது: பேட்மேன் வேடத்துக்கு லைல் வாகனர் என்ற நடிகர் கொடுத்த ஒத்திகைப் படப்பிடிப்பு. அழகன், கம்பீரம், குரல் எல்லாம் சரி. அவர் பேசுவதில் சிரிப்பு மட்டும் வரவில்லை. ஆடம் வெஸ்ட் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிகிறது.

இந்தியாவில் இருந்து வாங்குகிறவர் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வட்டு எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதை மண்டல எண் தீர்மானிக்கும்: அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. இங்கே விற்கும் பல டிவிடி பிளேயர்கள் எல்லா மண்டலத்தையும் ஓட்டிவிடும் என்பதால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. பிளேயர் அவ்வளவு தாராளமாக விடாது. வார்னர் பெரும்பாலும் ப்ளூ-ரேக்களை மண்டலப் பூட்டு இல்லாமல் வெளியிடும் வழக்கம் உள்ளது, இருந்தாலும் பெட்டியின் பின்புறத்தில் ஏ, பி, சி மூன்று எழுத்தும் இருக்கிறதா என்று விற்பவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுங்கவரியும் தபால் செலவும் சேர்ந்தால் பழைய பெட்டிகூடப் புதிய விலைக்கு வந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்களா என்று விசாரிப்பது நல்லது.

எதை வாங்கினாலும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். மொத்தம் ஏறக்குறைய 50 மணி நேரம் வரும். அடுத்தடுத்து ஓட்டினால் மூன்றாவது கதையிலேயே சூத்திரம் பிடிபட்டுவிடும்: சிவப்புத் தொலைபேசி, கம்பத்தில் சறுக்கல், கார், சண்டை, பொறி, தப்பித்தல். புதன் ஒன்று, வியாழன் ஒன்று என்று அசல் ஒளிபரப்புக் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் முதல் சீசன் நாலு மாதத்துக்கு வரும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள், அவர்கள் சிரிக்காமல் பார்ப்பார்கள். மூன்றாவது சீசனை வாங்கியே தீர வேண்டுமா என்று இன்னும் யோசிப்பவர் பேட்மேனும் ஜோக்கரும் கடலில் சர்ஃபிங் போட்டி நடத்தும் எபிசோடைத் தனியாக வாங்கிப் பார்க்கட்டும். பேட்மேன் முழு உடைக்கும் மேலே நீச்சல் கால்சட்டை போட்டுக்கொண்டு பலகையில் நிற்கிறார். ஜோக்கரும் அப்படியே.